சட்டம் ஒன்றானால் ஜனங்கள் ஒன்றாவார்களா?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப்போகும் விஷயம் கடலுக்கு அப்பால் நடப்பது. ஆனாலும் கூலிக்கு உழைக்கிற எவருக்கும் அதில் பாடம் இருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

ஐரோப்பாவில் இன்று 27 நாடுகள் சேர்ந்து ஐரோப்பிய யூனியன் என்ற அமைப்பில் இருக்கின்றன. சுமார் 45 கோடி ஜனங்கள். 24 ஆட்சி மொழிகள். ஒரே தலைமுறைக் காலத்தில் இரண்டு உலக யுத்தங்களில் ஒருவரையொருவர் கோடிக்கணக்கில் கொன்று தீர்த்த தேசங்கள் இவற்றில் உண்டு. இன்று அவற்றுக்குப் பொதுவான சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்திற்குப் பொருள் சொல்ல லக்ஸம்பர்க் நகரத்தில் ஒரு பொது நீதிமன்றம் இருக்கிறது. உணவுப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டில் என்ன எழுத வேண்டும் என்பதிலிருந்து, லாரி டிரைவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டலாம் என்பது வரையில் அந்தச் சட்டம் பேசுகிறது.

இங்கேதான் கேள்வி எழுகிறது. ஒரே சட்டத்தின் கீழ் வாழ்கிற பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் போலந்துக்காரரும் “நாம் ஐரோப்பியர்” என்று மனதார எண்ணுகிறார்களா? சட்டம் ஒன்றானால் ஜனங்களும் ஒன்றாகிவிடுவார்களா?

இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லுகிறார்கள். முதலில் பொதுச் சட்டத்தை வையுங்கள், பழகப் பழக ஜனங்கள் ஒன்றாகிவிடுவார்கள் என்பது ஒரு சாரார் வாதம். முதலில் ஒரே ஜனங்களாக இருக்க வேண்டும், அப்போதுதான் பொதுச் சட்டம் நிற்கும் என்பது மற்றொரு சாரார் வாதம். இரண்டு சாராரும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். சட்டம் யார் கையில் இருக்கிறது என்பதே அது. மில் வாசல் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் விதிகள் மானேஜருக்கும் நமக்கும் பொதுவானவைதான். அதைப் படித்துவிட்டு எந்தத் தொழிலாளியாவது “மானேஜரும் நானும் ஒரே கூட்டம்” என்று சொன்னதுண்டா? ஆனால் சங்கம் போராடி அந்த விதிகளில் ஒன்றை மாற்றிய அன்று, ஸ்பின்னிங்காரரும் வீவிங்காரரும் “இது நம்முடைய விதி” என்று சொல்லுவார்கள். ஐரோப்பாவின் கதையும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அதைச் சம்பவங்களைக் கொண்டே பார்ப்போம்.

பண்டிதரின் சட்டம், சக்ரவர்த்தியின் சட்டம்

ஐரோப்பாவுக்குப் பொதுச் சட்டம் என்பது புதிதல்ல. 6-ம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் என்ற ரோமானியச் சக்ரவர்த்தி பழைய சட்டங்களைத் தொகுக்கச் செய்தார். சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து இத்தாலியில் பொலோனா என்ற நகரத்தில் அந்தத் தொகுப்பைப் பாடமாக வைத்தார்கள். பல தேசத்து மாணவர்கள் அங்கே வந்து லத்தீன் மொழியில் அதைப் படித்துத் தத்தம் ஊருக்குக் கொண்டு போனார்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பியப் பண்டிதர்களுக்கு அது பொதுச் சொத்தாக இருந்தது.

ஆனால் உழுகிறவனுக்கு? அவன் பண்ணையோடு கட்டுண்டு கிடந்தான். ஆண்டையின் அனுமதியின்றி நிலத்தை விட்டுப் போக முடியாது. பிரஷ்யாவில் 1807-ல்தான் அந்த அடிமைத்தனத்தை ஒழிக்கும் ஆணை பிறந்தது. ரஷ்யாவில் 1861-ல். பண்டிதர்கள் ஒரே சட்டப் புத்தகத்தைப் படித்தார்கள் என்பதனால் ஜெர்மன் பண்ணையாளும் இத்தாலியப் பண்ணையாளும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவில்லை.

அதன் பின் நெப்போலியன் வந்தார். 1804-ல் பிரான்ஸில் அவர் கொண்டுவந்த சிவில் சட்டம் படைகளோடு சேர்ந்து இத்தாலிக்கும் போலந்துக்கும் ஜெர்மனியின் ரைன் நதிப் பிரதேசத்துக்கும் போயிற்று. அதில் நல்ல அம்சங்கள் இருந்தன. பிறப்பினால் வருகிற பிரபுத்துவச் சலுகைகளை அது ஏற்கவில்லை. அதனால்தான் நெப்போலியன் தோற்றோடிய பிறகும் ரைன் பிரதேசத்து மக்கள் அதை விடாமல் 1900 வரையில் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அதே சட்டத்தில் 1781-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. கூலி எவ்வளவு, கொடுத்தாயிற்றா இல்லையா என்று வழக்கு வந்தால் எஜமானின் வாய்ச்சொல்லையே நம்ப வேண்டும் என்பது அந்தப் பிரிவு. தொழிலாளியின் சொல்லுக்கு அந்த மதிப்பு இல்லை! சமத்துவம் பேசிய சட்டத்திற்குள்ளேயே இப்படி ஒரு தராசு. பிரான்ஸில் இந்தப் பிரிவு 1868 வரையிலும், பெல்ஜியத்தில் 1883 வரையிலும் உயிரோடு இருந்தது.

அந்தச் சிவில் சட்டம் கப்பலேறி 1819-ல் புதுச்சேரிக்கும் வந்தது. தங்கள் சொந்த வழக்காற்றைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்று 1881-ல் ஆணை பிறந்தது. சிலர் அப்படியே வந்தார்கள். காகிதத்தில் அவர்கள் பாரிஸ்காரர்களோடு ஒன்றாகிவிட்டார்கள். ஆனால் பிரான்ஸில் 1919-லேயே 8 மணி நேர வேலை நாள் சட்டமாகியும், அதே கொடியின் கீழிருந்த புதுச்சேரி மில் தொழிலாளிக்கு அது எட்டவில்லை. 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 12 பேர் மாண்டார்கள். 1937-ல்தான் 8 மணி நேர வேலை நாள் புதுச்சேரியில் சட்டமாயிற்று. மேலேயிருந்து இறங்கிய சட்டம் ஜனங்களை எந்த மட்டுக்கும் ஒன்றாக்கும் என்பதற்கு இது போதுமான சாட்சி.

நிலக்கரிக்குச் சட்டம் வந்தது

இனி நம் காலத்துக் கதைக்கு வருவோம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து ஆறு ஆண்டுகளில், 1951 ஏப்ரலில், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் என்ற ஆறு நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நிலக்கரியையும் எஃகையும் ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவருவது என்பது ஒப்பந்தம். பீரங்கிக்கு வேண்டிய இரண்டு பண்டங்களையும் பொதுவில் வைத்துவிட்டால் மறுபடி யுத்தம் செய்ய முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். அது நல்ல காரணமே. அந்த நாடுகளுக்கிடையே பிறகு யுத்தம் மூளவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நிலக்கரி தானாக மேலே வருவதில்லை. 1946-லேயே இத்தாலி சர்க்காரும் பெல்ஜிய சர்க்காரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. இத்தாலி ஆட்களை அனுப்ப வேண்டும். பெல்ஜியம் நிலக்கரி விற்க வேண்டும். ஆளுக்குக் கரி! அப்படிப் போனவர்கள் பெல்ஜியத்தில் மார்சினெல் என்ற ஊரிலிருந்த சுரங்கத்திலும் இறங்கினார்கள். 1956 ஆகஸ்டு 8 காலையில் அங்கே தீப்பிடித்தது. 262 பேர் மாண்டார்கள். அவர்கள் 12 தேசத்தவர்கள். இத்தாலியர் மட்டும் 136 பேர்.

ஐரோப்பா ஒன்றாகிறது என்று தலைவர்கள் பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில், பூமிக்கடியில் 12 தேசத்துத் தொழிலாளிகள் ஒரே புகையில் மூச்சுத் திணறி மாண்டு கிடந்தார்கள். கரிக்குப் பொதுச் சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. கரி வெட்டுகிறவன் உயிருக்கு என்ன பாதுகாப்பு என்று ஆறு நாடுகளும் கூடிப் பேசுவதற்கும், சுரங்கப் பாதுகாப்புக்கு ஒரு பொதுக் கமிஷன் வைப்பதற்கும் 262 பிணங்கள் விழ வேண்டியிருந்தது.

கோர்ட்டு வாசலில் முதலில் நின்றவர்கள்

1957-ல் அதே ஆறு நாடுகள் ரோம் நகரத்தில் மற்றொரு ஒப்பந்தம் செய்துகொண்டன. இதன்படி சரக்கு, மூலதனம், சேவைத் தொழில், ஆட்கள் ஆகிய நான்கும் எல்லை தாண்டிப் போகத் தடை இருக்கக்கூடாது. இது சர்க்கார்களுக்கிடையே ஆன ஒப்பந்தம். சாதாரண ஜனங்களுக்கு இதில் என்ன வேலை என்றுதான் ஆரம்பத்தில் பலர் நினைத்தார்கள்.

இந்த எண்ணத்தை மாற்றியவை இரண்டு வழக்குகள். ஹாலந்தில் வான் கெண்ட் என்ற லாரிப் போக்குவரத்துக் கம்பெனி 1960-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு ரசாயனச் சரக்கைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் வந்தபோது 3 சதவிகிதமாக இருந்த சுங்கவரியை இப்போது 8 சதவிகிதமாக வசூலித்தார்கள். வரியை உயர்த்தக்கூடாது என்று ஒப்பந்தம் சொல்லுகிறதே என்று கம்பெனி வழக்காடியது. ஹாலந்து நாட்டு நீதிமன்றம் லக்ஸம்பர்க் நீதிமன்றத்தை விளக்கம் கேட்டது. 1963 பிப்ரவரி 5 அன்று பதில் வந்தது: இந்த ஒப்பந்தம் சர்க்கார்களுக்கு மட்டும் உரியதல்ல, அந்நாடுகளின் பிரஜைகளுக்கும் இதில் உரிமை உண்டு, அதைத் தங்கள் ஊர்க் கோர்ட்டிலேயே அவர்கள் கேட்டு வாங்கலாம் என்று.

மறு ஆண்டு இத்தாலியிலிருந்து ஒரு வழக்கு. 1962-ல் இத்தாலி மின்சாரத் தொழிலைத் தேசியமயமாக்கியது. மிலான் நகரத்து வக்கீல் கோஸ்டா பழைய மின்சாரக் கம்பெனியில் பங்குதாரர். அவர் தேசியமயம் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று கூறி 1,925 லிரா மின்சாரப் பில்லைக் கட்ட மறுத்தார். 1964 ஜூலை 15 தீர்ப்பில் நீதிமன்றம், பொதுச் சட்டமும் ஒரு நாட்டின் சொந்தச் சட்டமும் மோதினால் பொதுச் சட்டமே மேல் என்று சொல்லிவிட்டது.

இந்த இரண்டு தீர்ப்புகளின் மேல்தான் ஐரோப்பியச் சட்டக் கட்டடம் முழுவதும் நிற்கிறது. சாதாரணப் பிரஜை தன் சர்க்காருக்கு எதிராகவே பொதுச் சட்டத்தை எடுத்துக் காட்டலாம் என்பது பெரிய உரிமைதான். ஆனால் முதலில் வந்து வாசலில் நின்றவர்கள் யார் என்று பாருங்கள். ஒன்று, சுங்கவரி கட்டப் பிடிக்காத கம்பெனி. மற்றொன்று, தேசியமயம் பிடிக்காத பங்குதாரர். கதவு திறந்தது. உள்ளே போகத் தெரிந்தவர்கள் முதலில் போனார்கள். மில்லிலும் வயலிலும் இருந்த ஜனங்களுக்கு அப்படி ஒரு கதவு திறந்ததே தெரியாது.

தூங்கிய பிரிவை எழுப்பியவர்கள்

அதே ரோம் ஒப்பந்தத்தில் 119-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் தர வேண்டும் என்பது அதன் பொருள். இது எப்படி உள்ளே வந்தது தெரியுமா? பெண்கள் மேல் கொண்ட கருணையினால் அல்ல. பிரான்ஸில் சம ஊதியச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அங்கே ஜவுளித் தொழிலில் ஏராளமான பெண்கள் வேலை செய்தார்கள். பக்கத்து நாடுகளில் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்து மலிவாகத் துணி நெய்து அனுப்பினால் தங்கள் தொழில் போட்டியில் நிற்காதே என்று பிரெஞ்சுத் தரப்பு கவலைப்பட்டது. அந்தக் கவலைதான் இந்தப் பிரிவை எழுத வைத்தது.

எழுதியதோடு சரி. 1961 முடிவுக்குள் அமல் நடத்த வேண்டும் என்றார்கள். பிறகு 1964 முடிவு வரையில் தவணை என்றார்கள். அந்தத் தேதியும் போயிற்று. பிரிவு காகிதத்தில் தூங்கியது.

அதை எழுப்பியவர்கள் பெல்ஜியத்துப் பெண் தொழிலாளிகள். ஹெர்ஸ்டால் என்ற ஊரில் பெரிய ஆயுதத் தொழிற்சாலை. எண்ணெயும் இரும்புத் தூளும் மேலெல்லாம் படிய யந்திரங்களில் வேலை செய்த பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியப் படி. 1966 பிப்ரவரி 16 அன்று அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சுமார் 3,000 பெண்கள். 12 வாரங்கள் நின்றார்கள். ரோம் ஒப்பந்தத்தின் 119-வது பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு, “சம வேலைக்குச் சம ஊதியம்” என்று வீதியில் நடந்தார்கள். மணிக்கு 5 பிராங்க் உயர்வு கேட்டார்கள், 2.75 பிராங்க் கிடைத்தது. கேட்டது முழுவதும் வரவில்லை. ஆனால் 119-வது பிரிவைக் காட்டிப் பெண் தொழிலாளி வழக்குப் போடலாம் என்று 1967 அக்டோபரில் பெல்ஜியத்தில் அரசாணை வந்தது.

அந்த வழியில் நடந்தவர் கேப்ரியேல் டெஃப்ரென் என்ற விமானப் பணிப்பெண். சபேனா என்ற பெல்ஜிய விமானக் கம்பெனியில் அவருக்கு வேலை. அதே விமானத்தில் அதே வேலையைச் செய்த ஆணுக்கு அவரைவிட அதிகச் சம்பளம். பெண்ணுக்கு 40 வயதானால் வேலை போய்விடும். ஆணுக்கு அந்த விதி இல்லை. 1968-ல் 40 வயதானதும் அவரை அனுப்பிவிட்டார்கள். எலியான் வோகல்-போல்ஸ்கி என்ற பெண் வக்கீலின் துணையோடு அவர் வழக்காடினார். லக்ஸம்பர்க்கிற்கு மூன்று முறை அவர் வழக்குப் போயிற்று. 1971-ல் பென்ஷன் வழக்கில் தோல்வி. 1978-ல் வயது வரம்பு வழக்கில் தோல்வி. நடுவில், 1976 ஏப்ரல் 8 அன்று, ஊதிய வழக்கில் வெற்றி. சம ஊதியப் பிரிவு வெறும் வாக்குறுதியல்ல, அதைக் காட்டி எந்தப் பெண்ணும் தன் முதலாளியிடமே நேராக உரிமை கேட்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

அப்போதும் என்ன நடந்தது? பழைய பாக்கியையெல்லாம் எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கச் சொன்னால் தாங்காது என்று பிரிட்டிஷ், ஐரிஷ் சர்க்கார்கள் முறையிட்டன. ஆகவே ஏற்கெனவே வழக்குப் போட்டவர்களைத் தவிர மற்றவர்கள் தீர்ப்புத் தேதிக்கு முந்திய பாக்கியைக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது. அப்படியும், போட்டிக்குப் பயந்து எழுதிய ஒரு பிரிவு இன்று எத்தனையோ நாடுகளில் கோடிக்கணக்கான பெண்களுக்குச் சொந்தமாகிவிட்டது. எழுதியவர் நோக்கம் ஒன்று. எடுத்துக்கொண்டவர் நோக்கம் வேறு. சட்டத்தின் சொந்தக்காரர் மாறினார்.

அதே சட்டம் கத்தியாகவும் திரும்பியது

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2004-ல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பல யூனியனில் சேர்ந்தன. அந்த ஆண்டு லவால் என்ற லாட்வியக் கம்பெனி ஸ்வீடனில் வாக்ஸ்ஹோம் என்ற ஊரில் பள்ளிக்கூடக் கட்டட வேலையை எடுத்தது. லாட்வியாவிலிருந்தே தொழிலாளர்களைக் கூட்டிவந்தது. ஸ்வீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்று தனியாக இல்லை. சங்கங்கள் முதலாளிகளோடு செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்கள்தாம் கூலியை நிர்ணயிக்கின்றன. ஆகவே இங்கே வேலை செய்தால் இந்த ஊர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடு என்று கட்டடத் தொழிலாளர் சங்கம் கேட்டது. கம்பெனி மறுத்தது. சங்கம் வேலையிடத்தை மறித்தது. மின்சாரத் தொழிலாளர்களும் அனுதாப நடவடிக்கை எடுத்தார்கள். கம்பெனி பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிற்று. போய் வழக்குப் போட்டது.

2007 டிசம்பர் 18 அன்று லக்ஸம்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமைதான் என்று ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் கம்பெனி எல்லை தாண்டிச் சேவை செய்யும் சுதந்திரத்தை இந்த மறியல் தடுக்கிறது, ஆகவே செல்லாது என்று முடிவு சொன்னது. 2009-ல் ஸ்வீடன் தொழில் நீதிமன்றம் சங்கங்கள் 5,50,000 குரோனர் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்றது. வழக்குச் செலவு வேறு.

தோழர்களே, இதன் விளைவைக் கவனியுங்கள். பெண்களின் 119-வது பிரிவும் பொதுச் சட்டம். கம்பெனியின் சேவைச் சுதந்திரமும் பொதுச் சட்டம். ஒன்று பெல்ஜியத் தொழிலாளியை மற்ற நாட்டுத் தொழிலாளியோடு சேர்த்தது. மற்றொன்று ஸ்வீடன் தொழிலாளிக்கும் லாட்வியத் தொழிலாளிக்கும் நடுவே சுவரெழுப்பியது. வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்த லாட்வியன் பகையாளி அல்லவே! அவன் குறைந்த கூலியைத் தன் லாபமாக்கியவன் வேறு ஆள் அல்லவா?

அந்தச் சுவர் எப்படி வளரும் என்பதை இங்கிலாந்து காட்டியது. 2009 ஜனவரியில் லிண்ட்சி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஓர் இத்தாலியக் காண்டிராக்ட் கம்பெனி தன் ஆட்களையே கொண்டுவந்ததும், உள்ளூர்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். “பிரிட்டிஷ் வேலை பிரிட்டிஷ்காரனுக்கே” என்ற அட்டைகள் கிளம்பின. 53 ஆண்டுகளுக்கு முன் மார்சினெலில் ஒரே புகையில் மாண்டவர்களின் வாரிசுகள் ஒருவர் முகத்தை ஒருவர் வெறுப்போடு பார்த்தார்கள்.

சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. பல ஆண்டு வாதாடி 2018-ல் அந்தச் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு அனுப்பப்பட்ட தொழிலாளிக்கும் அந்த இடத்தில் நடைமுறையிலுள்ள ஊதியம் தர வேண்டும் என்பது திருத்தம். போலந்து, ஹங்கேரி சர்க்கார்கள் அதை எதிர்த்து வழக்காடின. 2020 டிசம்பரில் நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளியது.

துறைமுகத்தில் பிறந்த ஐரோப்பா

ஐரோப்பியர் என்ற உணர்வு எங்கே பிறந்தது என்று கேட்டால், துறைமுகங்களைக் காட்டலாம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையைத் துறைமுகத் தொழிலாளியிடமிருந்து எடுத்துக் கப்பல் கம்பெனி தன் ஆட்களைக்கொண்டே செய்துகொள்ளலாம் என்று ஒரு பொதுச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். பல நாட்டுத் துறைமுகங்களில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2003 நவம்பரில் ஐரோப்பியப் பார்லிமெண்டு 229-க்கு 209 என்ற வாக்கில் அதைத் தள்ளியது. மறுபடி கொண்டுவந்தார்கள். 2006 ஜனவரியில் பல தேசத்துத் துறைமுகத் தொழிலாளர்கள் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் பார்லிமெண்டு வாசலுக்கே போய்த் திரண்டார்கள். அவர்களுக்குள் பொது மொழி கிடையாது. இந்த முறை 532-க்கு 120 என்று சட்டம் படுதோல்வி அடைந்தது.

தண்ணீர் விஷயமும் அப்படியே. 10 லட்சம் பிரஜைகள் கையெழுத்திட்டால் பொதுச் சட்டம் பற்றிக் கோரிக்கை வைக்கலாம் என்று லிஸ்பன் ஒப்பந்தத்தின் வழியே ஒரு விதி வந்தது. பொதுத்துறைத் தொழிற்சங்கங்கள் முன்னின்று, தண்ணீர் மனித உரிமை, அதை வியாபாரமாக்காதே என்று கையெழுத்து இயக்கம் நடத்தின. 16 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துக்கள் சேர்ந்தன. 2013-ல் தனியாருக்குக் குத்தகை விடும் சட்ட மசோதாவிலிருந்து தண்ணீரை நீக்க வேண்டியதாயிற்று. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆயினும் ஜெர்மனிக்காரரும் கிரேக்கரும் ஸ்பானியரும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்ட அந்த வேளையில், எந்தப் பண்டிதரும் சொல்லித்தராமலே அவர்கள் ஐரோப்பியராக இருந்தார்கள்.

கிடைத்த சட்டமும் கைவிட்டுப் போகும்

நல்ல சட்டம் வந்தாலே போதும், ஜனங்கள் தாமே ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. சம்பளத்துடன் கூடிய லீவு எல்லாத் தொழிலாளிக்கும் உண்டு என்ற பொதுவான சட்டம் பிரிட்டனில் முன்பு இல்லை. 1993-ல் வந்த ஐரோப்பிய வேலை நேரச் சட்டம் ஆண்டுக்கு நான்கு வாரம் லீவு என்று சொன்னது. பிரிட்டிஷ் சர்க்கார் அதை எதிர்த்து வழக்காடி 1996-ல் தோற்றது. 1998-ல் அமல் நடத்தியபோதும், 13 வாரம் தொடர்ந்து வேலை செய்தவருக்கே லீவு என்று ஒரு முடிச்சுப் போட்டது. சினிமா, ரேடியோத் தொழிலாளர் சங்கம் வழக்காடி 2001-ல் அந்த முடிச்சை அவிழ்த்தது.

இத்தனைக்குப் பிறகும் 2016 ஜூன் 23 அன்று நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் பிரிட்டனில் 51.9 சதவிகிதத்தினர் யூனியனை விட்டுப் போகலாம் என்று வாக்களித்தார்கள். பழைய தொழில் மாவட்டங்கள் பலவற்றில் அப்படி வாக்களித்தவர்களே அதிகம். லீவு கொடுத்த சட்டம் எங்கிருந்து வந்தது என்று அவர்களில் எத்தனை பேருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? அவர்கள் கண்ணால் கண்டது மூடிய ஆலைகளை. காதால் கேட்டது லிண்ட்சியில் எழுந்த கோஷத்தை. 2005-ல் பிரான்ஸும் ஹாலந்தும் ஐரோப்பாவுக்கான அரசியல் சட்ட நகலை வாக்கெடுப்பில் தள்ளியதும் இந்த வகையைச் சேர்ந்ததே. தங்களைக் கேட்காமல் எழுதிய காகிதத்தைத் தங்கள் முகமாக ஏற்க ஜனங்கள் மறுத்தார்கள்.

வயலுக்குச் சட்டம் எப்போது வந்தது?

விவசாயத் தொழிலாளர் சகோதரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யூனியன் வரவு செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி நிலத்தின் ஏக்கர் அளவைப் பார்த்துக் கொடுக்கும் மானியம். நிலம் அதிகமானால் பணமும் அதிகம். நிலத்தில் குனிந்து வேலை செய்கிறவருக்கு என்ன கூலி, என்ன பாதுகாப்பு என்று நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை.

இத்தாலியின் தென்கோடியில் ரோசார்னோ என்ற ஊர். அங்கே ஆரஞ்சு பறித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளிகள். கங்காணிகள் ஆள் பிடித்துக் கொடுப்பார்கள். கூலியில் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். 2010 ஜனவரியில் அவர்களில் சிலரைத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்தினார்கள். பொறுக்க முடியாமல் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சில தினங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். ஆரஞ்சுப் பழத்துக்கு ஐரோப்பா முழுவதும் பாதை திறந்திருந்தது. பறித்த கைக்கு அந்த ஊரிலேயே இடமில்லை!

2016-ல் இத்தாலி கங்காணி முறைக்கு எதிராகக் கடுமையான சட்டம் இயற்றியது. ஐரோப்பிய விவசாயத் தொழிலாளர் சங்கங்களின் விடாமுயற்சியினால், தொழிலாளர் சட்டத்தை மீறும் பண்ணைக்கு மானியத்தில் வெட்டு என்ற விதியும் வந்தது. 2023-ல் நாடுகளின் விருப்பத்திற்கு விட்டு, 2025-லிருந்து எல்லா நாடுகளுக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். 1957-ல் ஆரம்பித்த கதையில் வயல் கூலியாளின் பெயர் மானியப் புத்தகத்தில் ஏற 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதை அமல் நடத்துகிறார்களா என்று பார்க்கும் வேலை அங்குள்ள சங்கங்களின் தோளில்தான் இருக்கிறது.

முடிவாக

தோழர்களே! “நாம்” என்ற உணர்வைச் சட்டப் புத்தகம் தானாகப் பெற்றுத் தராது. ஹெர்ஸ்டால் பெண்கள் ஒரு பிரிவைக் கையில் எடுத்தபோது, துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு மசோதாவைத் தடுத்தபோது அந்த உணர்வு பிறந்தது. வாக்ஸ்ஹோமில் அதே சட்டத்தைக்கொண்டு ஒரு தொழிலாளியின் கூலியை இன்னொரு தொழிலாளிக்கு எதிராக நிறுத்தியபோது அது உடைந்தது. ரோசார்னோவில் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை மறந்துவிட்டு ஐரோப்பிய ஒற்றுமை பேசினால் அது பாதி ஒற்றுமைதான்.

ஆகவே பொதுச் சட்டம் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுவோம். இதை எழுதும்போது உழைக்கிறவனைக் கேட்டார்களா? இதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கூலிக்காரி கோர்ட்டு வாசலுக்குப் போக முடியுமா? இது இரண்டு ஊர்த் தொழிலாளிகளை ஒரே வரிசையில் நிறுத்துகிறதா, எதிரெதிரே நிறுத்துகிறதா?

சட்டம் என்றால் வக்கீல் பாடு என்று ஒதுங்கிவிடாதீர்கள். 119-வது பிரிவை ஹெர்ஸ்டாலில் முதலில் உரக்கப் படித்தவர்கள் யந்திரத்து எண்ணெய் படிந்த கைகளை உடையவர்கள். அடுத்த வகுப்பில் நமக்குப் பொருந்தும் தொழிற்சட்டங்களைப் பிரிவு பிரிவாகப் படிப்போம். எழுத்துத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒவ்வொருவரும் இன்னும் ஒரு தொழிலாளியை அழைத்து வாருங்கள்.